பிடித்ததும் விட்டுவிடும் கை

அம்மா பால் காய்ச்சும் சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் நீல நிறத்தில் ஒரு ரப்பர் துண்டு, லாடம் போல வளைந்து, மேலே வருவதும் அடியில் போவதுமாக இருந்தது. என் தங்கை அடுப்பின் முன்னால் நின்று கைபேசியில் நொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் வந்ததும் கரண்டியால் அதை அள்ளி, உதறி, வாய்க்குள் வைத்துக் கடித்தாள். சூடு தாங்காமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் கடித்த பல்லை எடுக்கவில்லை. சத்தம் கேட்டு உள்ளே வந்த அம்மா, "ஏங்கண்ணு, பால் சட்டியில என்னத்தப் போட்டு வேக வெச்சிருக்கே? செருப்புத் துண்டா?" என்று கத்தினார். வாய் நிறைய ரப்பர் இருந்ததால் தங்கையால் பதில் சொல்ல முடியவில்லை. கட்டை விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

அது ரக்பி விளையாடுகிறவர்கள் பல்லில் மாட்டிக்கொள்ளும் காப்பு. முதல் பயிற்சி முகாமிலிருந்து வந்தபோது கொண்டுவந்திருந்தாள். வாயிலிருந்து எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டபோது அவளுடைய பற்கள் வரிசையாக அதில் பதிந்திருந்தன. தெற்றுப்பல்லின் குழி தனியாகத் தெரிந்தது. "இனி இது வேற யாருக்கும் சேராதுக்கா" என்று என்னிடம் நீட்டிக் காட்டினாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அதை வாங்கிப் பார்க்கவில்லை. பத்து வருடமாகக் கபடி ஆடிக்கொண்டிருந்தவள் நான். கபடிக்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், மண்ணில் ஆடும்போது செருப்புகூட வேண்டாம். எந்த ஆட்டத்திலும் எனக்கென்று அளவெடுத்த ஒரு பொருள் இருந்ததில்லை. அந்த நீலத் துண்டைப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. அதற்குப் பெயர் பொறாமை என்று எனக்கு அன்று தெரியாது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் பெரியநாயக்கன்பாளையம். அப்பா பம்ப்செட் செய்யும் கம்பெனியில் இரும்பை உருக்கி வார்க்கும் பிரிவில் இருந்தார். அம்மா மில்லுக்குப் போனார். தாத்தா காலம் வரை பிறர் காட்டில் வேலை செய்த குடும்பம். எங்கள் காலத்தில் நாங்கள் மண்ணில் விழுந்ததெல்லாம் ஆட்டத்துக்காகத்தான். எனக்கும் தங்கைக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு காலியிடம் இருந்தது. அங்கே பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்க எங்கள் பள்ளி பி.டி. சார் ஆரம்பித்தபோது இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். நான் பாடிப் போகிறவள். எதிர்ப்பக்கம் நுழைந்து, தொட்டு, துள்ளித் திரும்பி வரும்போது கைதட்டல் எழும். மைக்கில் என் பெயரைச் சொல்வார்கள். தங்கை கார்னரில் நிற்பாள். எதிரணியிலிருந்து பாடி வருகிறவளின் கணுக்காலைத் தரையோடு தரையாக விழுந்து பிடிப்பதுதான் அவள் வேலை. காலைப் பிடிக்கிறவளின் முகம் எப்போதும் புழுதிக்குள் இருக்கும். மேலே வந்து அமுக்குகிற மற்றவர்களைத்தான் கூட்டம் பார்க்கும். அவள் எழுந்து வாயிலிருக்கும் மண்ணைத் துப்பிவிட்டுப் பேசாமல் தன் இடத்துக்குப் போய் நின்றுகொள்வாள். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

அந்த ஏற்பாடு குலைந்த இடம் கொடுமுடி. கோடை விடுமுறையில் அங்கே ஒரு போட்டி நடந்தது. நாங்கள் இருவரும் கல்லூரி அணியில் இருந்தோம். அதற்கு முந்தைய வாரம்தான் மாநில அணிக்கான முகாமுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தங்கையை எடுக்கவில்லை. அவள் என் துணிப்பையில் தன்னுடைய நல்ல முழங்கால் உறையை எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். அரையிறுதி முடிந்து ஆற்றங்கரைப் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தலைமுடியை ஒட்ட வெட்டிய, தொப்பி போட்ட ஒரு பெண் எங்களை நோக்கி வந்தார். மாநில ரக்பி அணிக்குப் பெண்களைத் தேடி ஊர் ஊராகச் சுற்றும் கோச் என்று பிறகு தெரிந்தது. அன்று பாடிப் போய் அதிகப் புள்ளி எடுத்தவள் நான். அதனால் அவர் என்னைத் தேடித்தான் வருகிறார் என்று இலையை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"அந்தக் காலைப் புடிச்சுட்டே இருந்த பொண்ணு யாரு?" என்று அவர் கேட்டார்.

தங்கை சோற்றுக் கையை உயர்த்தினாள். கோச் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினார். பயமில்லாமல் காலில் விழுகிறவளை வேறெந்த ஆட்டத்திலும் உருவாக்குவது கஷ்டம், அது அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது, மற்றதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றார். எழும்போது என்னைப் பார்த்து, "நீயும் வரலாம்மா" என்றார். அந்த 'நீயும்' என்ற சொல்லின் கடைசி எழுத்து இத்தனை வருடம் கழித்தும் என் காதில் இருக்கிறது.

பஸ்ஸில் திரும்பும்போது தங்கை என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீயும் வாக்கா. ரெண்டு பேரும் சேந்து போலாம். அங்கயும் ஏழு பேருதான் ஆடறாங்களாமா" என்றாள். நான் சிரித்தேன். "முட்டையாட்டம் ஒரு பந்து. அதை முன்னால வீசக்கூடாதாம், பின்னாலதான் வீசோணுமாம். அது ஒரு ஆட்டமா? ரெண்டு மாசத்துல திரும்பி வந்துபோடுவே, பாரு" என்றேன். அவள் தலையை என் தோளிலிருந்து எடுக்கவில்லை. "வந்தா வாரேன்" என்றாள்.

அவள் கபடிக்குத் திரும்பி வர எட்டு வருடங்கள் ஆயின.

என் கபடி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாநில முகாமுக்குப் போனேன். அடுத்த வருடமும் போனேன். தேசியப் போட்டிக்குப் போன அணியில் ஒரு முறை இருந்தேன். மூன்று ஆட்டங்களில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், நான்காவதில் கடைசி ஐந்து நிமிடம் இறங்கினேன், ஒரு முறை பாடிப் போனேன், பிடிபட்டேன். எனக்கு அடிபடவில்லை, யாரும் சதி செய்யவில்லை, அரசியலும் இல்லை. என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இருந்தார்கள். தோற்றதற்குச் சொல்ல ஏதாவது ஒரு காரணம் கிடைத்திருந்தால் நான் இன்னும் நல்ல மனுஷியாக இருந்திருப்பேனோ என்னவோ. உடற்கல்வி படித்தேன். உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்தேன். தென்னை நார் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஒரு மகள் பிறந்தாள். நல்ல வாழ்க்கை. குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை.

அவளோ முதலில் சென்னை, பிறகு புவனேஸ்வர், பிறகு கொல்கத்தா என்று முகாம் முகாமாகப் போனாள். ஒரு நாள் அம்மா போனில் அழுதுகொண்டே, "உன்ற தங்கச்சி இண்டியா சட்டை போட்டுட்டா கண்ணு" என்றார். விமான நிலையத்தில் எடுத்த படங்கள் வர ஆரம்பித்தன. சக்கரம் வைத்த பெட்டி, நீல கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. இரண்டு வருடம் கழித்து ஹாங்காங்கில் ஒரு கிளப் அவளைச் சம்பளத்துக்கு ஆட அழைத்தது. எங்கள் குடும்பத்தில் விளையாட்டுக்கு லீவு போட்டுச் சம்பளத்தை இழந்தவர்கள் உண்டு. விளையாடுவதற்கே சம்பளம் வாங்கியவள் அவள்தான். பெரியநாயக்கன்பாளையம் மெயின் ரோட்டில் அவளுக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். எங்கள் பழைய பள்ளியில் பாராட்டு விழா நடந்தது. மேடையில் என்னையும் உட்கார வைத்தார்கள். அறிவிப்பாளர் என்னை "நம்ம வீராங்கனையோட அக்கா" என்று சொல்லிப் பேச அழைத்தார். அந்தப் பள்ளிக்கு முதல் கோப்பை வாங்கிக் கொடுத்த அணியின் கேப்டன் நான். தலைமை ஆசிரியர் அறைக் கண்ணாடி அலமாரியில் அந்தக் கோப்பை அப்போதும் இருந்தது. நான் மைக்கைப் பிடித்துத் தங்கையைப் பற்றி மிக அழகாகப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். கீழே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறங்கி வரும்போது என் இரண்டு உள்ளங்கைகளிலும் நகம் பதிந்த தடம் இருந்தது.

அந்தக் காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தை யாரிடமும் சொன்னதில்லை. ரக்பியை ரகசியமாகப் படித்தேன். மதிய இடைவேளையில் பள்ளி விளையாட்டுச் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளுடைய ஆட்டங்களைக் கைபேசியில் பார்ப்பேன். பந்து கையிலிருந்து முன்னால் நழுவினால் தப்பு, கீழே விழுந்தவளை விடாமல் பிடித்தால் தப்பு, யார் எந்தப் பக்கமிருந்து நுழைய வேண்டும் என்று ஒவ்வொரு விதியாகத் தெரிந்துகொண்டேன். ஆட்டம் பிடித்துப் போனதால் அல்ல. அவள் எங்கே தவறு செய்கிறாள் என்று கண்டுபிடிப்பதற்கு விதி தெரிய வேண்டியிருந்தது. அவள் பந்தைத் தவறவிட்டால் எனக்கு ஒரு குளிர்ச்சி பரவும். அதே நொடியில் என் மேலேயே அருவருப்பும் வரும். மறுநாள் அவள் போன் செய்து, "மேட்ச் பாத்தயாக்கா?" என்று கேட்பாள். "நெட்டு கெடைக்கலடி" என்பேன். உடுமலையில் நெட் கிடைக்காத இடமே கிடையாது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

ஆனாலும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. ரக்பி என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத ஆட்டம். சந்தையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் பேசுகிறவர்கள் கபடியைப் பற்றித்தான் பேசுவார்கள். அதில் என் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. என் பள்ளிப் பிள்ளைகள் மாவட்ட அளவில் ஜெயித்தார்கள். "கபடின்னா நம்ம டீச்சர்தான்" என்று ஊரில் சொன்னார்கள். அவளுக்கு அது, எனக்கு இது என்று மனத்துக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன்.

பிறகு அவளுக்கு முழங்கால் போயிற்று. ஹாங்காங்கில் ஓர் ஆட்டத்தில், யாரும் மேலே மோதாமலேயே, திரும்பும்போது கால் ஊன்றிய இடத்தில் நிற்க உடம்பு மட்டும் சுழன்றது. ஜவ்வு கிழிந்துவிட்டது. கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்; என் பள்ளியோ வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதனால் அவளை உடுமலையில் என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். நான்கு மாதம் இருந்தாள். குளிக்க வைத்தேன், தலை பின்னிவிட்டேன், பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளைத் தினமும் மூன்று வேளை செய்ய வைத்தேன். அவள் வலியில் என் முழங்கையைக் கவ்விக்கொள்வாள். என் மகள் அவள் கட்டுப் போட்ட காலில் பொம்மை வரைந்தாள். அக்கம்பக்கத்தினர், "இப்படி ஒரு அக்கா கெடைக்கோணுமே" என்றார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், என் வாழ்க்கையில் தங்கையை நான் முழு மனத்தோடு நேசித்த நான்கு மாதங்கள் அவை. அவள் படுத்திருந்தாள், நான் நின்றுகொண்டிருந்தேன். எங்களுடைய பழைய ஏற்பாடு திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. என் அன்பு அவளுடைய கால் ஒடிந்தால்தான் ஊறும் அன்பு என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கிளப் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அந்த மின்னஞ்சல் வந்த அன்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அவளுக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்து ரசம் வைத்தேன். சாப்பிட்டாள். இன்னும் இரண்டு மாதம் கழித்து, ஓட ஆரம்பித்த பிறகு மறுபடி என் வீட்டுக்கு வந்தவள், ஒரு காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, பொம்பளைங்களுக்குப் புதுசா கபடி லீக் ஒண்ணு ஆரம்பிக்கறாங்களாமா. சென்னையில செலக்சன் வெச்சிருக்காங்க. நான் கபடிக்கே திரும்பி வந்தர்லாம்னு இருக்கேன்."

நான் துருவுவதை நிறுத்தவில்லை. "எட்டு வருசம் ஆச்சேடி. ரக்பி ஆடின உடம்பு" என்றேன்.

"கார்னருக்கு உடம்பு வேணுந்தானக்கா. நீதான் கூட நின்னு பாக்கோணும். உன்னைய உட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவளுக்கு நாடு கிடைத்தது, வெளிநாடு கிடைத்தது, நீல கோட்டு கிடைத்தது. எல்லாவற்றையும் நான் மனத்துக்குள் போட்டிருந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். இப்போது அவள் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறாள். நான் முப்பது வயதைத் தாண்டிவிட்டேன், எனக்கு அந்த லீக்கில் இடமில்லை. அவளுக்கு இருக்கலாம். "செரி, சாயந்தரம் கிரவுண்டுக்கு வா" என்று சொல்லிவிட்டுத் துருவிய தேங்காயைப் பார்த்தேன். கொட்டாங்குச்சியும் சேர்ந்து துருவப்பட்டுக் கறுப்பாக விழுந்திருந்தது.

எங்கள் பள்ளி மைதானத்தில் மாலையில் என் மேல்நிலை மாணவிகளோடு அவள் ஆடினாள். முதல் நாளே பிள்ளைகள் மிரண்டு போனார்கள். அவள் பாய்கிற வேகம் அப்படி. எட்டு வருட ரக்பி அவளுடைய தோளையும் இடுப்பையும் வேறு ஆளுடையதாக மாற்றியிருந்தது. கணுக்காலைப் பிடித்தால் பாடி வந்தவள் மரம் சாய்வது போலச் சாய்ந்தாள். ஆனால் விழுந்தவர்களில் பாதிப் பேர் எப்படியோ நழுவி, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டார்கள்.

இரண்டாம் நாள் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எதிராளியின் உடம்பு தரையில் மோதும் அந்த ஒரு கணத்தில் தங்கையின் விரல்கள் தாமாகத் திறந்தன. கண் சிமிட்டும் நேரம்தான். உடனே மறுபடி மூடிக்கொண்டன. அதற்குள் கால் நழுவிவிடும். ரக்பியில் ஒருத்தியைக் கீழே வீழ்த்தியதும் விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் தப்பு. எட்டு வருடம் ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படி விட்டுவிட்டுப் பழகிய கை. கபடியில் நடுவர் ஊதும் வரை விடவே கூடாது. அவளுக்கு அது தெரியும்; அவள் கைக்குத் தெரியவில்லை. அவளுடைய முகம் மண்ணுக்குள் இருந்ததால் அவளால் தன் கையைப் பார்க்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க ஒருவருக்குக் கபடியும் தெரிந்திருக்க வேண்டும், ரக்பியும் தெரிந்திருக்க வேண்டும். உடுமலையில் அப்படி ஒருத்திதான் இருந்தாள்.

அன்று என் கணவரும் மைதானத்துக்கு வந்திருந்தார். "நல்லாத்தான புடிக்கறா? பின்ன எப்படி நழுவிப் போகுது?" என்று என்னிடம் கேட்டார். தங்கை மூச்சு வாங்கியபடி பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆப்ரேசன் பண்ணி இன்னும் வருசம் ஆகலீங்களே. களைப்புங்க. போகப் போகச் செரியாப் போயிருமுங்க" என்றேன்.

மூன்று வாரம் அவள் ஆடினாள். மூன்று வாரமும் நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். களைப்புதான் காரணம் என்று நம்பி அவள் அதிகாலையில் கூடுதலாக ஓடினாள். நான் அவளுக்கு முட்டை அவித்துக் கொடுத்தேன்.

சென்னையில் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் கோயமுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். நான் அன்று லீவு போட்டிருந்தேன். கை கால் கழுவினாள், சாப்பிட்டாள், தட்டையும் கழுவி வைத்தாள். பிறகு கைபேசியை எடுத்து என் முன்னால் வைத்தாள். கூட வந்த ஒருத்தி செலக்சன் ஆட்டத்தைப் படம் பிடித்திருந்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கினாள். திறந்த கை திரை முழுக்கத் தெரிந்தது.

"புடிச்ச ஆளையெல்லாம் உட்டுட்டேன்க்கா. ரயில்ல வரும்போதுதான் பாத்தேன்" என்றாள். படத்தை இன்னும் பெரிதாக்கினாள். "இது அங்க போயிப் புதுசா வந்துருக்காது. உன்ற கிரவுண்டுலயும் இப்படித்தான் உட்டிருப்பேன். நீ பாக்கலயா?"

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாக்கலன்னு சொல்லு. நான் நம்பிக்கறேன்" என்றாள்.

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன். அவளே பொய்யை எடுத்து என் கையில் கொடுத்து, வாங்கிக்கொள் என்று கெஞ்சுவது போலக் கேட்டாள். என்னால் வாங்க முடியவில்லை. "பாத்தேன்" என்றேன். "ரெண்டாம் நாளே பாத்துட்டேன்."

"எதுக்குக்கா?"

"எனக்குன்னு அது ஒண்ணுதான இருந்துது."

அவள் எழுந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "உனக்குன்னு இருந்துதுன்னா நீ ஆடியிருக்கோணும். பூட்டி வெச்சுக்கறதுக்கா ஆட்டம்?" என்றாள். குரல் உயரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி வெயிலில் நடந்தாள். இடது காலை இன்னும் கொஞ்சம் பார்த்துத்தான் ஊன்றினாள். நான் கூப்பிடவில்லை.

ஐந்து மாதம் அவள் என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் என்ன காரணம் என்று இருவருமே சொல்லவில்லை. "அக்கா தங்கச்சிக்குள்ள என்னதான் வந்துது? ஏசப்பா, என்ற கண்ணு முன்னால இது வேண்டாம்" என்று அம்மா போனில் அழுவார். கிறிஸ்துமஸுக்கு நான் போனபோது அவள் பாட்டுக் குழுவோடு வெளியூர் போயிருந்தாள். அவளுக்குப் பாடவே வராது. அந்த ஐந்து மாதமும் நான் மைதானத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி, சின்னச் சின்னத் தவறுகளைக்கூட விடாமல் சொன்னேன். அவர்களுக்கு நான் ஏன் இப்படி மாறிவிட்டேன் என்று புரியவில்லை.

அடுத்த செலக்சன் அறிவிப்பு வந்த வாரம் அவளே போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. "சனிக்கெழமை அம்மா ஊட்டுக்கு வா. எனக்கு உன்ற கண்ணு வேணும்" என்றாள்.

"நீ என்னைய மன்னிச்சுட்டயா?" என்று கேட்டேன்.

"அதைப் பத்தி நான் பேசலக்கா. இங்கிருக்கற கோச்சுங்க எல்லாரும் நல்லா ஆடறே, நல்லா ஆடறேங்கறாங்க. என்ற தப்பைத் தேடித் தேடிப் பாக்கறவ நீ ஒருத்திதான். வாரயா, இல்லயா?"

போனேன். எட்டு சனிக்கிழமை, உடுமலையிலிருந்து பொள்ளாச்சி, கோயமுத்தூர் வழியாக மூன்று பஸ் மாறிப் போனேன். சர்ச்சுக்குப் பின்னாலிருந்த காலியிடத்தில் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரிக்குப் பக்கத்தில் மணல் கொட்டியிருந்த இடத்தில் அவள் ஆடினாள். பாடிப் போக ஆள் இல்லாததால் நானே சேலையை மாற்றி டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு இறங்கினேன். என்னை விழுத்தாட்டினாள். எழுந்தேன். மறுபடி விழுத்தாட்டினாள். என் இடுப்பும் தோளும் கன்னிப் போயின. அதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அது நியாயம்தான். விரலோடு விரல் கோத்துப் பிடிப்பதால்தான் கை திறக்கிறது என்று மூன்றாவது சனிக்கிழமை கண்டுபிடித்தேன். "விரலக் கோக்காத. என்ற காலச் சுத்திக் கையக் கொண்டுபோய் உன்ற மணிக்கட்டையே நீ புடி" என்றேன். செய்தாள். விழுந்தேன். தரையில் மோதினேன். காலை உதறினேன். அவள் பிடி அசையவில்லை. மணலில் முகம் புதைந்திருந்த அவளிடமிருந்து, "இப்ப?" என்று ஒரு சத்தம் வந்தது. "காலு வர்ல" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்போடு எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

அந்த முறை தேர்வானாள். இப்போது அவளுக்கு இது இரண்டாவது சீசன். முப்பதைத் தாண்டியவள் என்று டி.வி.யில் வியந்து பேசுகிறார்கள். ரக்பியிலிருந்து வந்தவள் என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் சொல்கிறார்கள். அவள் கபடியிலிருந்து ரக்பிக்குப் போனவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கார்னரில் விழுந்து பிடிக்கிறவளின் முகத்தையும் இப்போது கேமரா தரையோடு வைத்துக் காட்டிவிடுகிறது. சந்தையில் அவளைப் பற்றி என்னிடமே கேட்கிறார்கள். கபடி என்றால் இப்போது எங்கள் பக்கத்தில் அவள் பெயர்தான். எனக்கு எரிகிறது. இந்த வயதில், இவ்வளவு நடந்த பிறகும், எரியத்தான் செய்கிறது. ஆனால் இப்போது சாமான் அறைக்குள் ஒளிந்து பார்ப்பதில்லை. கூடத்தில் மகளோடு உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். அவள் எங்கே அரை அடி முன்னால் வந்தாள், எங்கே பொறுக்காமல் பாய்ந்தாள் என்று குறித்துக்கொள்கிறேன். மறுநாள் காலை அவள் போன் செய்வாள். எடுத்ததும், "என்ன தப்பு, சொல்லு" என்பாள். நான் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவள் 'ம்' கொட்டிக்கொண்டு கேட்பாள். யாராவது ஒட்டுக் கேட்டால் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது என்றுதான் நினைப்பார்கள்.

சென்ற வாரம் ஓர் ஆட்டம். ஆறு முறை பிடிக்கப் போனாள். ஆறு முறையும் பிடித்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். மகள், "அம்மா, போதும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். மூன்றாவது முறையும் பார்த்தேன். மறுநாள் காலை போன் வந்தது.

"என்ன தப்பு, சொல்லு."

நோட்டின் பக்கம் வெள்ளையாக இருந்தது. எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "ஒண்ணும் இல்லடி" என்றேன்.

"ஒண்ணுமே இல்லயா?"

"இல்ல."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "அப்ப நேத்து உனக்குத் தூக்கமே வந்துருக்காதேக்கா."

வரவில்லைதான். "ஆமா" என்றேன். என்னைப் பற்றி அவளிடம் மறைக்காமல் நான் சொன்ன பதில்களில் இதுதான் மிகச் சின்னது. அவள் சிரித்துவிட்டு, "செரி, போயி ஸ்கூலுக்குக் கெளம்பு. பெல் அடிச்சிரும்" என்று போனை வைத்தாள்.